மழலைக்கும் மொழியுரிமை உண்டு

இலங்கையில் மொழியுரிமை என்றவுடன் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டமும், அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியும், தமிழும் அரசகரும மொழியாகும் என 1987இல் எழுதப்பட்ட திருத்தமுமே நம் நினைவிற்கு வருகின்றன. கச்சேரியிலும் நீதிமன்றிலும் தமிழ் ஒலிக்கவேண்டுமென வாதாடிய நாம், 'அம்மா' என்றழைக்க நாவெழாது தவிக்கும் மூன்று வயதுக் குழந்தையின் மொழியைப் பற்றி எண்ணியதுண்டா? அக்குழந்தை நுவரெலியாவிலோ அட்டனிலோ ஒரு லயத்திற் பிறந்ததாயின், அதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

ஓராண்டு நிறையும் அளவிற் குழந்தை ஒன்றிரண்டு சொற்களை உதிர்க்கும். ஈராண்டில் இரு சொற்களை இணைக்கும். மூன்றாண்டில் அயலாரும் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப் பேசும். இவை தோன்றாவிடிற் காரணத்தைத் தேடவேண்டும். செவிக்குறை, அண்ணப் பிளவு, ஆட்டிசம் எனக் காரணங்கள் பல. ஆயின் லயங்களில் நிகழ்வதென்ன? "தகப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்கிறார்கள். நாவில் வசம்பு தேய்க்கிறார்கள். கோவிலுக்கு நேர்த்தி வைக்கிறார்கள். நேர்த்தியிற் குற்றமில்லை, அதனோடு நின்றுவிடுவதே குற்றம். செவி கேளாத பிள்ளைக்கு நாவில் மருந்து தடவி ஆவதென்ன? கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நாற்று முற்றியபின் நட்டால் விளைச்சல் குறையும். பருவம் தவறிய பிள்ளை 'மந்தம்' என்று பெயர்பெற்றுப் பின்வாங்கில் ஏறுகிறது.

மொழியே மருந்து

பேச்சுச் சிகிச்சை ஊசியாலும் குளிகையாலும் செய்யப்படுவதன்று. விளையாட்டிலும் உணவூட்டும் வேளையிலும் பிள்ளையின் பேச்சுக்கு இடங்கொடுத்து, அது சொன்ன ஒரு சொல்லை இரண்டாக வளர்ப்பதே அதன் சாரம். சிகிச்சையாளர் வழிகாட்டுவார், நாள்தோறும் செய்பவள் தாயே. காய்ச்சல் மருந்தை எம்மொழியில் எழுதித் தந்தாலும் காய்ச்சல் இறங்கும். இங்கோ மொழியே மருந்து. தாய்க்கு விளங்காத மொழியில் அது பலியாது.

தமிழெனின் எத்தமிழ் என்பதும் கேள்வியே. மலையகப் பிள்ளை வீட்டிற் கேட்கும் தமிழ் யாழ்ப்பாணத் தமிழன்று. ழகரத்தை ளகரமாக ஒலிப்பது வீட்டுப் பெரியோரின் வழக்காயின், பிள்ளையிடம் அதனை நோயெனக் கொள்ளலாகாது. சிங்களமும் காதில் விழுவதாற் பேச்சுத் தாமதிக்கிறது என்போரும் உளர். இருமொழி கேட்பதாற் பேச்சுக்குறை உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சி கண்ட முடிபு. வீட்டு மொழியைக் கைவிடுமாறு தாய்க்குக் கூறுவது தீங்கேயாகும்.

வேர் எங்கே?

களனிப் பல்கலைக்கழகம் றாகமையிலுள்ள தன் மருத்துவ பீடத்தில் 1997ஆம் ஆண்டிற் பேச்சுச் சிகிச்சைக்கான டிப்ளோமாக் கற்கையைத் தொடங்கிற்று. பின்னர் அது பட்டக் கற்கையாயிற்று. ஆயினும் தமிழிற் சிகிச்சையளிக்க வல்லோர் நாட்டில் மிகச் சிலரே. பல்கலைக்கழகத்தை மட்டும் நோவதிற் பயனில்லை. அதன் வாயில் உயர்தர உயிரியற் பிரிவு. தோட்டப்புறப் பாடசாலைகளில் எத்தனையில் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் உளர்? 1948இற் குடியுரிமையைப் பறித்து, தோட்டப் பாடசாலைகளை 1970கள் வரை துரைமாரின் தயவில் விட்ட வினை, இன்று மழலையின் நாவில் வந்து நிற்கிறது.

இந்திய உதவியால் டிக்கோயாவில் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டியதே; ஆயின் பிள்ளையோடு பேசுவதற்கு ஆள் வேண்டும். ஆளைத் தேடிக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் தாய்க்கு அன்று பேர் விழாது, கூலியும் இல்லை.

செய்யவேண்டியவை மூன்று. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் வளர்ச்சிப் படிகளைக் குறிக்க இடமுண்டு. பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரும் குடும்பநல மருத்துவமாதரும் நிறையைப் பார்ப்பதுபோலவே செவியையும் பேச்சையும் பார்க்கப் பயிற்றப்படல் வேண்டும். பத்தனை ஸ்ரீ பாத தேசியக் கல்வியியற் கல்லூரி அதற்கு ஏற்ற இடம். இரண்டாவது, மலையக மாணவரைத் தெரிந்து உதவிப்பணம் வழங்கி றாகமைக்கும், 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனத்திற்கும் அனுப்பவேண்டும். மூன்றாவது, சிகிச்சைக்குச் செல்லும் நாளுக்குத் தாய்க்குச் சம்பளத்துடன் விடுமுறை கிடைக்கத் தொழிற்சங்கங்கள் தோட்டக் கம்பனிகளோடு பேசவேண்டும்.

தமிழ் வைத்தியரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் இதனை மலையகத்தார் கவலையென்று ஒதுக்கிவிடலாகாது. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நம் உறுப்பினர்கள் ஒரு கேள்வியையேனும் எழுப்புக: தமிழிற் சிகிச்சையளிக்கவல்ல பேச்சுச் சிகிச்சையாளர் நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை பேர் பணியில் உளர்? அமைச்சர் தரும் எண் எதுவாயினும், அவ்விடத்திலிருந்து வேலையைத் தொடங்குவோம்.