குதிரையின் குடற்புழுவும் நாட்காட்டி வைத்தியமும்

எட்டு வாரங்களுக்கு ஒருமுறை எல்லாக் குதிரைகளுக்கும் புழு மருந்து ஊட்டவேண்டும் என்பது மேலைநாட்டுக் குதிரை வளர்ப்போர் பலரிடம் வேதவாக்காகவே நிலைபெற்றுள்ளது. குதிரைக்குப் புழு உண்டா, ஊட்டிய மருந்து பலித்ததா என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. நாட்காட்டியே வைத்தியராகிவிடுகின்றது. இவ்வழக்கம் இன்று குதிரைக்கன்றிப் புழுவுக்கே துணைபோகின்றது.

1966 இல் அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரட்ஜ், லயன்ஸ் ஆகியோர் இம்முறையை முன்வைத்தபோது அதற்குத் தக்க நியாயம் இருந்தது. அன்று பெரும் பகையாக விளங்கியது ஸ்ரொங்கிலஸ் வல்காரிஸ் என்னும் பெரிய வட்டப்புழுவாகும். அதன் குடம்பிகள் குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் சுவரைத் தாக்கிக் குருதிக்கட்டிகளை உண்டாக்கும்; கொடிய வயிற்றுச் சூலையால் குதிரை மடியும். அக்கால மருந்தான தயபென்டசோல் குடலிலுள்ள முதிர்ந்த புழுக்களைக் கொன்றதேயன்றி, வழக்கமான அளவில் நாடியிலுள்ள குடம்பிகளை எட்டவில்லை. ஆகவே, முட்டைகள் மேய்ச்சல் தரையை அடையாதவாறு இடையறாது மருந்தூட்டுவது பொருத்தமாயிற்று. அம்முறை வெற்றியும் பெற்றது.

ஆனால், அப்பகைவன் அடங்கிய பின்னரும் படை கலையவில்லை. சயதொஸ்ரொமின் எனப்படும் சிறிய வட்டப்புழுக்கள் முன்னணிக்கு வந்தன. இவற்றின் குடம்பிகள் பெருங்குடற் சுவரினுள் பல மாதங்கள் உறங்கிக் கிடக்கவல்லன. அவை ஒருங்கே வெளிப்படுமிடத்துக் கடும் வயிற்றோட்டம் ஏற்படும். சிகிச்சை அளித்தும் நோயுற்றவற்றுள் ஏறத்தாழப் பாதி இறக்கக்கூடும். ஒவ்வொரு மருந்தூட்டலிலும் தப்பிப் பிழைப்பவை மருந்தை வென்ற புழுக்களே. அடுத்த தலைமுறையும் அவற்றினுடையதே. தயபென்டசோல் சார்ந்த பென்சிமிடசோல் மருந்துகளுக்கு இச்சிறு புழுக்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் அடங்குவதில்லை. குதிரைக் குட்டிகளின் பெரிய உருளைப்புழு ஐவமெக்ரினையும் எதிர்ப்பதாக 2002 இல் நெதர்லாந்திலிருந்து அறிவிக்கப்பட்டது. 1980களில் ஐவமெக்ரின் வந்ததன் பின், குதிரையின் வட்டப்புழுக்களுக்கெதிராகப் புதிய மருந்துக்குலம் எதுவும் பயன்பாட்டிற்கு வரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மாற்றுவழி எளியது. வளர்ந்த குதிரைக் கூட்டமொன்றில் ஏறத்தாழ 20 வீதமானவையே 80 வீதமான முட்டைகளை வெளியேற்றுகின்றன. இலத்தியிலுள்ள முட்டைகளை எண்ணி, மிகுதியாக வெளியேற்றுவனவற்றுக்கு மருந்தளித்தால் போதும். ஏனையவற்றிலுள்ள, மருந்துக்கு இன்னும் அடங்கும் புழுக்களின் சந்ததி தரையில் நிலைத்து, எதிர்ப்புப் பெற்றவை பெருகுவதைத் தாமதப்படுத்தும். மருந்தூட்டி 14 நாட்களின் பின் மீண்டும் எண்ணினால் அதன் பலனும் புலப்படும். வாரம் இருமுறை இலத்தியை அகற்றுவதும் மேய்ச்சல் தரையைக் காக்கும்.

டென்மார்க்கை எடுத்துக்காட்டி இதனை மறுப்போர் உளர். அந்நாடு 1999 இல் மிருக வைத்தியரின் பத்திரமின்றிப் புழு மருந்து வாங்குவதைத் தடுத்தது. பின்னர், தெரிந்தெடுத்து மட்டும் மருந்தளித்த பண்ணைகளில் ஸ்ரொங்கிலஸ் வல்காரிஸ் கூடுதலாகக் காணப்பட்டது. இவ்வுண்மையை மறைத்தல் நேர்மையன்று. எனினும் அது உணர்த்துவது யாது? முட்டை எண்ணிக்கையால் மட்டும் இவ்வினத்தைப் பிரித்தறிய முடியாது. அதற்கெனக் குடம்பிகளை வளர்த்துச் சோதிக்க வேண்டும். வளர்ந்த குதிரைகள் அனைத்திற்கும் ஆண்டுக்கு ஓரிரு முறை பொது மருந்தூட்டலும் தேவை. குட்டிகளுக்குத் தனித்திட்டம் வேண்டும் என்பதும் உண்மையே. இவற்றுள் எதுவும் ஆண்டுக்கு ஆறுமுறை கண்மூடி ஊட்டுவதற்கு நியாயமாகாது.

நாட்காட்டி வைத்தியம் மருந்து விற்போருக்கு இலாபம், வளர்ப்போருக்குச் சோம்பல் நிறைந்த நிம்மதி. அதன் விலையைச் செலுத்துவதோ குதிரை. 1966 இன் ஆய்வாளர்கள் தம் காலத்துப் புழுவை ஆராய்ந்தே விதி வகுத்தனர். அவர்களைப் பின்பற்றுவதாகக் கூறுவோர் செய்யவேண்டியதும் அவ்வாராய்ச்சியே.