பதக்கம் வாங்கியவருக்கு கோடி... பேட் பிடிக்க கற்றுக் கொடுத்தவருக்கு?

2024 செப்டம்பர் 2-ந் தேதி. இடம் பாரிஸ். பாராஒலிம்பிக் பேட்மிண்டன் கோர்ட்டில் ஒரே நாளில் மூன்று தமிழ்நாட்டு பெண்கள் பதக்கம் வாங்கினார்கள். காஞ்சீபுரம் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி. திருவள்ளூர் மனிஷா ராமதாசுக்கு வெண்கலம். ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம்.

இதில் துளசிமதியும் மனிஷாவும் அரை இறுதியில் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆட வேண்டி வந்தது. 23-21, 21-17 என்று துளசிமதி ஜெயித்து இறுதிப்போட்டிக்கு போனார். அங்கே சீனாவின் யாங் கியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்றார். மனிஷா டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று சுருட்டினார். நித்யஸ்ரீ இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21-14, 21-6 என்று வீழ்த்தினார்.

பாராஒலிம்பிக்கில் பேட்மிண்டன் நுழைந்ததே டோக்கியோவில்தான், 2021-ல். அப்போது இந்தியாவுக்கு கிடைத்தது 4 பதக்கம். நாலும் ஆண்கள் வாங்கியது. பாரிசில் 5 பதக்கம். அதில் 3 தமிழ்நாட்டு பெண்களுடையது. இந்த விளையாட்டில் இந்திய பெண்கள் வாங்கிய முதல் பாராஒலிம்பிக் பதக்கங்களும் இவைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

கொட்டியது பரிசு

பரிசு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. 2024 செப்டம்பரிலேயே தமிழக அரசு செக் கொடுத்து விட்டது. துளசிமதிக்கு ரூ.2 கோடி. மனிஷா, நித்யஸ்ரீ, உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்ற மாரியப்பன் ஆகியோருக்கு தலா ரூ.1 கோடி. மொத்தம் ரூ.5 கோடி.

மத்திய அரசு தன் பங்குக்கு வெள்ளிக்கு ரூ.50 லட்சம், வெண்கலத்துக்கு ரூ.30 லட்சம் அறிவித்தது. அடுத்து அர்ஜூனா விருது. 2025 ஜனவரி 17-ந் தேதி ஜனாதிபதி மாளிகையில் திரவுபதி முர்மு கையால் விருது வழங்கும் விழா நடந்தது. 2024-ம் ஆண்டுக்கான அந்த பட்டியலில் 32 பேர் இருந்தார்கள். அதில் 17 பேர் மாற்றுத்திறனாளி வீரர், வீராங்கனைகள். இந்த மூன்று பெண்களின் பெயரும் இருந்தது. அர்ஜூனாவுக்கு பரிசு ரூ.15 லட்சம்.

கூட்டிப் பார்த்தால் துளசிமதிக்கு ரூ.2 கோடியே 65 லட்சம். மற்ற இருவருக்கும் தலா ரூ.1 கோடியே 45 லட்சம். அவ்வளவும் உழைத்து சம்பாதித்த காசு. ஒரு ரூபாய் கூட அதிகம் இல்லை.

ஒலிம்பிக்குக்கு என்ன தொகையோ அதே தொகைதான் பாராஒலிம்பிக்குக்கும் என்று மத்திய, மாநில அரசுகள் வைத்திருக்கின்றன. இது நல்ல விஷயம். ஒரு காலத்தில் இப்படி இல்லை.

இவர்களுக்கு முன்னாலேயே மதுரையில் ஒரு பெண் கணக்கை தொடங்கி விட்டார். காது கேளாதவர்களுக்கான டெப்லிம்பிக்ஸ் போட்டி பிரேசிலில் 2022 மே மாதம் நடந்தது. ஜெர்லின் அனிகா பேட்மிண்டனில் 3 தங்கம் அள்ளினார். அந்த ஆண்டே அர்ஜூனா. ஆக, 2022, 2024 ஆகிய இரண்டு பட்டியலில் மட்டும் தமிழ்நாட்டின் 4 மாற்றுத்திறனாளி பேட்மிண்டன் பெண்களுக்கு அர்ஜூனா வந்திருக்கிறது.

ஷட்டிலுக்கு அர்ஜூனா சரி, நம்ம ஊர் பூப்பந்துக்கு உண்டா என்று பெரிசுகள் கேட்கலாம். உண்டு. பால் பேட்மிண்டன் என்கிற அந்த ஆட்டத்துக்கு 1970-லேயே ஆந்திராவின் பிச்சையா அர்ஜூனா வாங்கியிருக்கிறார். அது தஞ்சாவூர் மண்ணில் பிறந்த ஆட்டம். இன்றைக்கு அதை தெருவில் தேட வேண்டியிருக்கிறது. அது தனிக்கதை.

சும்மா ஆட்டம் இல்லை

மாற்றுத்திறனாளி பேட்மிண்டன் என்றால் ஏதோ சலுகை கொடுத்து ஆட வைக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. இதில் 6 பிரிவுகள் இருக்கின்றன. வீல் சேரில் ஆடுகிறவர்களுக்கு 2 பிரிவு. காலில் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2 பிரிவு. கையில் பாதிப்பு உள்ளவர்களுக்கு எஸ்.யூ.5. உயரம் குறைந்தவர்களுக்கு எஸ்.எச்.6.

ஒற்றையர் ஆட்டத்தில் வீல் சேர்காரர்களுக்கும், காலில் அதிக பாதிப்பு உள்ளவர்களுக்கும் அரை கோர்ட். மற்றவர்களுக்கு முழு கோர்ட். துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூன்று பேரும் முழு கோர்ட்டில் ஓடி ஆடியவர்கள்.

துளசிமதிக்கு இடது கையில் பாதிப்பு. மனிஷாவுக்கு பிறக்கும் போதே வலது கை நரம்பில் பாதிப்பு. ஒரு கைதானே பேட் பிடிக்கிறது, இன்னொரு கை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒரு தடவை பேட்டை எடுத்து ஆடிப் பார்த்தால் தெரியும். சர்வீஸ் போட ஷட்டிலை பிடிப்பது அந்தக் கைதான். பின்னால் குதித்து ஸ்மாஷ் அடிக்கும்போது உடம்பை பேலன்ஸ் செய்வதும் அந்தக் கைதான். அது ஒத்துழைக்காவிட்டால் காலும் இடுப்பும் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும்.

நித்யஸ்ரீயின் கதை வேறு. உயரம் குறைந்தவர் என்பதற்காக வலையை இறக்கிக் கட்ட மாட்டார்கள். நடுவில் 5 அடி உயரம். எல்லோருக்கும் கட்டுகிற அதே வலை. அதற்கு மேலே அடிக்க வேண்டும், தலைக்கு மேலே போகிற ஷட்டிலை துரத்திப் பிடிக்கவும் வேண்டும்.

இந்த உடம்பை வைத்துக் கொண்டு மனிஷா 2022-ல் உலக சாம்பியன் ஆனார். அப்போது வயது 17. அந்த ஆண்டின் சிறந்த பாரா வீராங்கனை என்று உலக பேட்மிண்டன் சம்மேளனம் அவரைத் தேர்வு செய்தது. துளசிமதி 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். அங்கே இறுதிப்போட்டியில் தோற்கடித்தது யாரை தெரியுமா? அதே யாங் கியூசியாவை. டோக்கியோ சாம்பியனை அவர் ஊரிலேயே போய் அடித்தார்.

பின்னால் நிற்பவர்கள் யார்?

இனிதான் சிக்கல். துளசிமதிக்கு முதல் பயிற்சியாளர் அவருடைய அப்பாதான். கூலி வேலை பார்த்து குடும்பம் நடத்தியவர். மகளுக்கு பேட் பிடிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவரே. மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் பிடித்து படித்துக் கொண்டே பதக்கமும் வாங்கினார். இப்படிப்பட்ட அப்பாவுக்கு எந்த விருது பட்டியலில் இடம்?

பயிற்சியாளருக்கு துரோணாச்சார்யா விருது இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. இந்தியாவின் பாரா பேட்மிண்டன் பயிற்சியாளர் கவுரவ் கன்னாவுக்கு 2020-ல் துரோணாச்சார்யா கொடுத்தார்கள். 2024-ல் பத்மஸ்ரீயும் வந்தது. லக்னோவில் இவரிடம் நித்யஸ்ரீ பயிற்சி எடுத்திருக்கிறார். தகுதியான ஆளுக்கு கிடைத்த மரியாதை, சந்தேகமே இல்லை. கேரளாவின் பழைய பேட்மிண்டன் பயிற்சியாளர் எஸ்.முரளிதரனுக்கும் 2024-ம் ஆண்டு பட்டியலில் வாழ்நாள் பிரிவில் துரோணாச்சார்யா கிடைத்தது. வாழ்நாள் பிரிவு என்றாலே எத்தனை வருஷம் கழித்து கூப்பிடுகிறார்கள் என்று புரிந்து கொள்ளலாம்.

ஆனால் இந்த விருதுகள் மேல் மாடியில் இருப்பவர்களுக்குத்தான் சுலபமாக எட்டுகிறது. துரோணாச்சார்யா தேர்வில் பெரிதாக பார்ப்பது, அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள் கடைசி 4 வருஷத்தில் சர்வதேச அளவில் என்ன பதக்கம் வாங்கினார்கள் என்பதைத்தான். எட்டு வயது குழந்தையை கோர்ட்டுக்கு கூட்டி வந்து ஐந்தாறு வருஷம் தேய்த்து எடுத்தவர் வேறு. பதக்கம் வருகிற நேரத்தில் பக்கத்து சேரில் உட்கார்ந்திருப்பவர் வேறு. குழந்தை நன்றாக ஆடத் தொடங்கியதும் ஐதராபாத், லக்னோ, பெங்களூரு என்று பெரிய அகாடமிக்கு போய் விடும். போகத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஊரில் இருக்கும் கோச் அடுத்த குழந்தைக்கு சர்வீஸ் சொல்லிக் கொடுக்கப் போய் விடுவார். சர்டிபிகேட்டில் அவர் பெயர் இருக்காது.

இன்னொன்று, இந்த விருதுகளுக்கு தானே ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். சிபாரிசு வேண்டாம் என்பதால் இது நல்ல மாற்றம்தான். ஆனால் காலை 5 மணிக்கு கோர்ட்டை திறந்து, பகலில் வேறு வேலைக்கு போய், சாயங்காலம் மறுபடியும் கோர்ட்டுக்கு வருகிற ஆள், எந்த மாணவர் எந்த வருஷம் எந்தப் போட்டியில் என்ன வாங்கினார் என்று சான்றிதழ்களை தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து ஏற்றுவாரா? பல பேர் நமக்கெதுக்கு என்று விட்டு விடுகிறார்கள்.

கோச்சோடு முடியவில்லை. மாவட்டப் போட்டிகளில் கோடு பார்க்க உட்காருகிறவர் இருக்கிறார். கழுத்து வலிக்க நாள் முழுக்க உட்கார்ந்து அவுட்டா இன்னா என்று சொல்ல வேண்டும். ஸ்கோர் சொல்கிற நடுவர் இருக்கிறார். வீல் சேர் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். கை கால் நன்றாக இருந்தும் மாற்றுத்திறனாளி வீரருக்கு எதிர்ப்பக்கம் நின்று மணிக்கணக்கில் ஷட்டில் அடித்துக் கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். இவர்கள் இல்லாவிட்டால் பயிற்சியே நடக்காது.

சால்வை வேண்டாம், ஷட்டில் கொடுங்க

நம்ம ஊரில் பாராட்டு விழா என்றால் என்ன நடக்கும்? ரெயில் நிலையத்தில் மாலை, மேளதாளம். மண்டபத்தில் பொன்னாடை, கேடயம். மேடையில் இருபது பேர். பதக்கம் வாங்கிய பெண் எங்கே நிற்கிறார் என்று போட்டோவில் தேட வேண்டும். கோச் படிக்கட்டுக்கு கீழே பையை பிடித்துக் கொண்டு நிற்பார்.

ஒரு ஷட்டிலில் 16 இறகுகள். வாத்து அல்லது கூஸ் இறகு. இரண்டு இறகு உடைந்தால் ஷட்டில் நேராகப் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். நன்றாக அடிக்கிற பிள்ளைகள் ஆடினால் ஒரு நாள் பயிற்சிக்கே டப்பா காலியாகி விடும். விலையும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நைலான் ஷட்டில் மலிவு, ஆனால் அதில் பழகியவர் போட்டியில் இறகு ஷட்டிலை தொட்டால் கணக்கு தப்பும். மாத செலவில் ஒரு குடும்பத்தை முதலில் கடிப்பது இதுதான். அப்புறம் ஷூ, பேட் நரம்பு, கோர்ட் வாடகை, வெளியூர் போட்டிக்கு ரெயில் டிக்கெட். மாற்றுத்திறனாளி பிள்ளை என்றால் கூட ஒருவர் போக வேண்டும், அவருக்கும் டிக்கெட், அன்றைய கூலியும் போச்சு.

பாராட்டு விழா நடத்த ஆசைப்படுகிற சங்கங்களும் வியாபாரிகளும் பொன்னாடைக்கு பதிலாக நாலு டஜன் ஷட்டில் கொடுத்தால் அந்த கோச் கும்பிடுவார். கோர்ட்டும் ஒரு மாசம் ஓடும்.

அரசு பக்கம் கதவு முழுக்க அடைத்துக் கிடக்கவில்லை. பாரிஸ் புறப்படும் முன்பே தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் இருந்து வீரர்களுக்கு பணம் கொடுத்து அனுப்பினார்கள். முதலமைச்சர் கோப்பை போட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கு தனிப்பிரிவு இருக்கிறது. வேலையும் கொடுத்திருக்கிறார்கள். மாரியப்பனுக்கு 2021-ல் தமிழ்நாடு காகித ஆலையில் துணை மேலாளர் வேலை கிடைத்தது தெரிந்த கதை.

பயிற்சியாளர்களுக்கும் வழி இருக்கிறது. சர்வதேச போட்டியில் பதக்கம் வென்றால் கொடுக்கும் மத்திய அரசின் ரொக்கப்பரிசு திட்டத்தின் பெயரிலேயே பயிற்சியாளரும் சேர்ந்திருக்கிறார். மாநிலத்தில் முதலமைச்சர் விளையாட்டு விருது என்று ஒன்று உண்டு. வீரர், வீராங்கனை மட்டுமின்றி பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியருக்கும் அதில் இடம் இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதுதான் கேள்வி.

வீரர்களுக்கு பரிசு கொடுக்கும்போதே, உனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதும். விண்ணப்பம் போடத் தெரியாத கோச்சின் பெயரும் அரசு பைலில் ஏறி விடும். செலவு இல்லாத வேலை. பதக்கம் வந்த சூட்டோடு செய்ய வேண்டும், ஆறு மாசம் போனால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், இழுபறி ஆகி விடும்.

அது வரும் வரை ஊர்க்காரர்களே ஒன்று செய்யலாம். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில் இலவசமாக பதிவு செய்யலாம். அந்த ஆள் என்ன செய்தார், எத்தனை வருஷமாக செய்கிறார் என்று எழுத வேண்டும். பட்டியல் ஒவ்வொரு ஆண்டும் குடியரசு தினத்துக்கு முந்தின நாள் வெளியாகும். பரிந்துரைக்கு கடைசி தேதி அதற்கு பல மாதம் முன்னாலேயே முடிந்து விடும் என்பதால், ஆகஸ்டு வரை காத்திருக்காமல் மே, ஜூனிலேயே பார்த்துக் கொள்வது நல்லது.