வெறும் பலட்டுகளுக்கு யார் பொறுப்பு?

2016 செப்டெம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. போரில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறி, கடன்பட்டுக் கடை போட்டவர்கள் மீண்டும் வெறுங்கையோடு நின்றார்கள். இன்று கரைச்சிப் பிரதேச சபையிடம் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் வண்டி வந்து சேருமுன் தீ எவ்வளவு வளரும் என்பது, எதை எங்கே அடுக்கியிருக்கிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது.

சந்தைக்குப் பொருந்தும் இந்த விடயம் நெல்லும் சீமெந்தும் வைக்கும் வாடகைக் களஞ்சியங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அங்கே யாரும் கவனிக்காத பொருள், மூட்டைகளுக்கு அடியில் போடும் மரப் பலட். மூட்டை வெளியேறியதும் வெறும் பலட்டுகளை மூலையில் கூரைவரை அடுக்கிவிடுகிறோம். காய்ந்த மரம், ஒவ்வொரு பலகைக்கும் இடையில் காற்று: அடுப்பில் விறகை இடைவெளி விட்டு அடுக்குவது போலத்தான். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் உள்ளே எரியும் பலகையை எளிதில் எட்டாது.

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதிகள், வெறும் பலட்டுகளை வெளியே அல்லது தனிக் கட்டடத்தில் வைப்பதையே விரும்புகின்றன. தானியங்கி நீர்த்தெளிப்பான் உள்ள சாதாரணக் களஞ்சியத்திலும் உயரம் 6 அடி, ஒரு குவியலில் 4 அடுக்கு, குவியல்களுக்கு இடையே 8 அடி என்பது அடிப்படை வரம்பு. நமது சிறு களஞ்சியங்கள் பலவற்றில் நீர்த்தெளிப்பானே கிடையாது.

வெளியே வைத்தால் மாரி மழையில் நனையும், கறையான் ஏறும், களவு போகும் என்பார்கள். அது உண்மைதான். அதனால்தான் இது வாடகைக்காரர் தனியே தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. வளவுக்குள் கட்டடத்திலிருந்து விலகி ஒரு தகரக் கொட்டகை போட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். கட்டடம் ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது. வெறும் பலட் யாருடைய கணக்கிலும் இல்லை. உரிமையாளரின் கட்டடக் காப்புறுதி வாடகைக்காரரின் சரக்குக்கு இழப்பீடு தராது என்பதும் பலருக்கு எரிந்த பிறகுதான் தெரியவருகிறது.

எனவே வாடகை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்: பலட் எங்கே வைக்கப்படும், எவ்வளவு உயரம், உடைந்தவற்றை யார் எப்போது அகற்றுவது, மின்பலகையிலிருந்தும் வாசலிலிருந்தும் எவ்வளவு தூரம். பலட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவேலை, குப்பை எரிப்பு, சிகரெட் கூடாது. பலட்டைச் செங்குத்தாக நிறுத்தவும் வேண்டாம்; சரிந்தால் ஆளின் காலை நசுக்கும்.

உடன்படிக்கை புதுப்பிக்கும்போது இந்த நான்கு வரிகளைச் சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. இரண்டு முறை ஆரம்பத்திலிருந்து தொடங்கியவர்களால் மூன்றாவது முறையும் தொடங்க முடியுமா என்பதே கேள்வி.