கடலின் கணக்கு முடிந்துவிட்டதா?

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுணிகள் கடலில் கொட்டுண்டன. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 1 பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்குக் கட்டளையிட்டது. கப்பல் நிறுவனம் செலுத்த மறுக்கிறது. இலண்டன் நீதிமன்றம் அதன் பொறுப்பை 1.9 கோடி பவுணுக்குள் மட்டுப்படுத்தியிருந்தது.

இத்தகைய கணக்குகளில் செத்தொதுங்கிய ஆமைகளும் தொழிலுக்குப் போகாத நாட்களும் முதலில் வரும். அவை கண்ணுக்குத் தெரிபவை. பிளாஸ்ரிக்கில் கலக்கும் நெகிழ்வூட்டிகள், தீத்தடுப்பிகள், வெயில் தாங்கும் பதார்த்தங்கள் பெரும்பாலும் அதனோடு இரசாயனமாகப் பிணைந்திருப்பதில்லை. ஆகவே உப்புநீரில் மெல்லமெல்லக் கசியும். வெயிலும் அலையும் துண்டுகளை நொறுக்க நொறுக்க, கசியும் பரப்பும் கூடும். தீயில் கருகிய குறுணிகளில் எரிதலால் உண்டான நச்சுச் சேர்மங்களும் சேர்ந்திருக்கின்றன.

பின்னாளில் வரப்போகும் செலவுக்கு இன்றே ஏற்பாடு வைப்பது கணக்கியலின் அரிச்சுவடி. நட்டஈட்டில் ஒரு பங்கு நீர், மணல், மீன் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் பரிசோதிப்பதற்கென ஒதுக்கப்பட வேண்டும்.

இது தென்பகுதிப் பிரச்சினை மட்டுமல்ல. 2025 மேயில் கேரளாவுக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அதிலிருந்து வந்தவையெனக் கருதப்படும் குறுணிகள் சில வாரங்களில் தனுஷ்கோடியிலும் மன்னாரிலும் ஒதுங்கின. ஊர்க் கருவாட்டுப் பொதியை ஆசையோடு பிரிக்கும் நாங்களும் இந்தக் கணக்கைக் கேட்க உரித்துடையவர்கள். வடபகுதிக் கடற்றொழிலாளரின் பெயர் அடுத்த நட்டஈட்டுப் பட்டியலில் விடுபடாமலிருக்க, இப்போதே குரல் கொடுப்போம்.