எஞ்சினைத்தான் பிரிச்சாச்சே!

ஆயிரம் ரூபாய் வேலையை அரை மணி நேரத்தில் அறுபதாயிரம் ஆக்கும் மந்திரம் ஒன்று இருக்கிறது. மந்திரவாதி தேவையில்லை, எந்தக் கார் பட்டறை வாசலிலும் காதில் விழும். "எஞ்சினைத்தான் பிரிச்சாச்சேண்ணே... அதையும் சேர்த்துப் பார்த்துடலாமே!"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் பழனி பக்கம் கணிசமாகவே தேறும். ஏனென்றால் இங்கே கார் என்பது பலருக்குச் சோறு. தைப்பூசம், பங்குனி உத்திரம், கோடை சீசன் என்று வருஷத்தில் சில மாதம்தான் நல்ல ஓட்டம். மற்ற நாளில் ஸ்டாண்டில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வண்டி ஓடுவதோ சமவெளியில் மட்டும் இல்லை. பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் 1,700 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏ.சி. போட்டு, ஐந்து பேரை ஏற்றி, இரண்டாவது கியரில் வளைவுக்கு வளைவு முக்கி முனகும் எஞ்சினுக்கு இரண்டரை லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் வயதாகியிருக்கும்.

வழக்கமான கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். மலையில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. கூலண்ட் குறைகிறது. பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார்கள். டிரைவர் சரி என்கிறார். மறுநாள் போன் வருகிறது. "அண்ணே, ஹெட்டைக் கழற்றியாச்சு. கிலோமீட்டர் ரொம்ப ஓடிருச்சு. ரிங், பேரிங், ஆயில் பம்ப், கிளட்ச் எல்லாம் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குப் பார்க்கவே வேண்டாம். என்ன சொல்றீங்க?"

கார் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நாளை மறுநாள் சவாரி பேசியிருக்கிறது. இந்த நிலையில் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

இங்கே மெக்கானிக்கைத் திருடன் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அது நியாயம் இல்லை. ஹெட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்து, அடுத்த மாதம் கிளட்ச் போனால் என்ன நடக்கும்? "போன மாசம்தானே உன்கிட்ட விட்டேன்" என்று அதே டிரைவர் அதே பட்டறை வாசலில் நின்று கத்துவார். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பல மெக்கானிக்குகள் 'எல்லாத்தையும் போட்டுடலாம்' என்கிறார்கள். ஆக அந்த நீளமான லிஸ்ட்டில் பாதி பேராசை இல்லை, பயம்தான். ஆனால் யாருடைய பயமாக இருந்தாலும் காசு கொடுப்பது வண்டிக்காரர்.

அந்த மந்திரத்தில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதுதான் அதன் பலம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் பிளேட்டை மாற்ற முடியும். பின்பக்க கிராங்க் ஆயில் சீலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கூலியில் இரண்டு வேலை முடிகிறது. வெரிட்டோ, டஸ்டர் போன்ற கார்களில் வந்த 1.5 லிட்டர் ரெனோ டீசல் எஞ்சினில் வாட்டர் பம்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட். பெல்ட்டை மாற்றும்போது பழைய பம்பை அப்படியே விட்டு, ஆறு மாதம் கழித்துப் பம்ப் ஒழுக ஆரம்பித்தால் மறுபடி பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அங்கே சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஹெட் வெளியே வந்தபின் அது வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்ப்பதும், வால்வு சீல்களை மாற்றுவதும் அதே மாதிரிதான்.

ஆனால் இதே மந்திரத்தை எல்லா வண்டிக்கும் ஓதக்கூடாது. ஸ்விஃப்ட் டிசைர் டீசலில் இருந்த 1.3 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். அந்த வண்டிக்காரரிடம் 'பெல்ட்டோடு பம்பையும் மாத்திடலாம்' என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு வண்டி தெரியவில்லை என்று அர்த்தம். ஹெட்டைக் கழற்றினால் கிளட்ச் வெளியே வந்துவிடாது. அது வேறு இடம், வேறு கூலி. 'பிரிச்சாச்சே' என்ற சொல் பிரித்த இடத்துக்குத்தான் பொருந்தும். பிரிக்காத இடத்துக்கும் சேர்த்துச் சொன்னால் அது புது வேலை. புது வேலைக்குப் புதிதாக யோசிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. கியர்பாக்ஸ் வேறு வேலைக்காக இறங்கியிருக்கிறது. அதை இறக்கி ஏற்ற 4,000 ரூபாய் கூலி, கிளட்ச் செட் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய பிளேட்டில் பாதி ஆயுள் மிச்சம் இருந்தால், இப்போதே மாற்றுவதில் வீணாவது 3,000. மிச்சமாவது பின்னால் கொடுக்க வேண்டிய 4,000. மாற்றலாம். ஆனால் போன வருஷம் போட்ட பிளேட், இன்னும் எண்பது சதவீத ஆயுள் இருக்கிறது என்றால் வீணாவது 4,800. விட்டுவிடலாம். வண்டி நிற்கும் நாட்களின் வருமானத்தையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். மாறட்டும், கணக்கு என்று ஒன்று இருக்கட்டும்! இரண்டு நிமிஷ வேலை. அதைக்கூடப் போடாமல் 'சரிண்ணே, போட்டுடுங்க' என்பதுதான் பிரச்சினையே.

அடுத்தது அந்தக் கிலோமீட்டர் பூச்சாண்டி. 'மூன்று லட்சம் ஓடியாச்சு, அதனால் ரிங் போயிருக்கும்.' ஓடிய தூரம் சந்தேகத்துக்குத்தான் காரணம், தீர்ப்பு ஆகாது. ரிங் தேய்ந்திருக்கிறதா என்று அறிய வழிகள் இருக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று டிரைவரே குறித்து வைக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. அதற்கு ஏர் ஃபில்டர் அடைப்புகூடக் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கேஜ் சொல்லிவிடும். ஆனால் எஞ்சினைப் பிரித்தபின் கம்ப்ரஷன் பார்க்க முடியாது. பிரிப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். 'பிரிச்சாச்சே' மந்திரம் பலிப்பதற்குக் காரணமே, பிரிப்பதற்கு முன் யாரும் எதையும் அளந்து எழுதி வைக்காததுதான்.

இதற்குப் பாடம் எடுக்க டெட்ராய்ட்டுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டாம். அண்ணாந்து மலையைப் பார்த்தால் போதும். பழனி மலைக்கோயிலில் விஞ்ச் 1966 முதலும் ரோப்கார் 2004 முதலும் ஓடுகின்றன. ரோப்காரை மாதத்துக்கு ஒருநாளும், வருஷத்துக்கு ஒருமுறை பல வாரங்களும் நிறுத்திப் பராமரிப்பு செய்கிறார்கள். தேய்ந்ததை மாற்றி, எடைக்கற்களை ஏற்றிச் சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்தபின்தான் பக்தர்களை ஏற்றுகிறார்கள். முதலில் சோதனை, பிறகு மாற்றம், மறுபடி சோதனை. அடிவாரத்தில் கார் வைத்திருப்பவர் தினமும் தலைக்கு மேல் பார்க்கிற முறை இது. தன் வண்டிக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

சரி, லிஸ்ட்டில் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுவதுதான் வீரமா? அதுவும் இல்லை. கஞ்சத்தனமும் எஞ்சினைக் கொல்லும். டைமிங் பெல்ட் உள்ள டீசல் எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர் முழு எஞ்சினையும் இழப்பார். பழைய ரேடியேட்டர் ஹோஸை 'இன்னும் ஓடும்' என்று விட்டுவிட்டு மலை ஏறினால், கொதிப்பில் புது ஹெட் கேஸ்கெட்டும் போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'பழசா, புதுசா' என்பதல்ல. 'இது போனால் கூட எதைக் கொண்டுபோகும்?' என்பதுதான். எஞ்சினையோ உயிரையோ கொண்டுபோகும் என்றால் பேரம் பேசாமல் மாற்ற வேண்டும். வழியில் நிற்க வைக்கும், அவ்வளவுதான் என்றால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம். சொட்டு ஆயில் கசிவு மட்டும்தான் என்றால் காத்திருக்கலாம்.

இன்னொரு பொறி, 'ஏற்கெனவே முப்பதாயிரம் போட்டாச்சே' என்பது. போட்ட பணம் போனது போனதுதான். இனிமேல் போடப்போகும் பணம் எத்தனை மாத ஓட்டத்தைக் கொடுக்கும் என்பதுதான் பேச்சு. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயதுக்குப் பின் வருஷா வருஷம் எஃப்.சி. சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷத்தில் ஆர்.சி. புதுப்பிப்பு, அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது, இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆனது. இரண்டு வருஷம் மட்டுமே வைத்திருக்கப்போகும் வண்டிக்கு 'அஞ்சு வருஷத்துக்குப் பார்க்கவே வேண்டாம்' என்ற உத்தரவாதம் எதற்கு? அதே சமயம் 'பேசாமல் வித்துட்டு வேற வாங்கு' என்ற அறிவுரையும் அவ்வளவு சுலபமில்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. கடன் தீர்ந்த பழைய வண்டியை விட்டுப் புது இ.எம்.ஐ.யில் விழுவது சாதாரண முடிவல்ல. நிதானமாகச் செய்யும் நியாயமான ரிப்பேர் பல நேரம் அதைவிட மலிவு.

கடைசியாக, காகிதம். லிஸ்ட்டை எழுதி வாங்க வேண்டும். உதிரிபாகம் தனி, கூலி தனி. கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்க வேண்டும். பில் கேட்க வேண்டும். செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நல்ல மெக்கானிக்குக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் 'இதைச் சொன்னேன், வேண்டாம் என்றார்' என்று எழுதி வைத்தால் அடுத்த மாதத் திட்டிலிருந்து அவரும் தப்பிப்பார்!

பழைய கார் ஓட்டுபவர் கேட்பது சலுகை இல்லை. தன் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒருநாள் அவகாசம். எஞ்சினைப் பிரித்தது மெக்கானிக்கின் வேலைக்காக. அதற்காக வண்டிக்காரரின் பர்ஸையும் சேர்த்துப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

பி.கு.: அடுத்த முறை 'பிரிச்சாச்சே' என்று போன் வந்தால் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். "அப்படியே இருக்கட்டும் தம்பி, நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."