டிரெய்லரின் விளக்கும் பிரேக்கும் யார் பொறுப்பு?

தோட்டத்துப் பிக்கப்பின் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லரில் விளக்கு எரியவில்லை என்றால், அதைச் சில்லறைக் குறையாக எண்ணும் வழக்கம் நமது தோட்டங்களில் ஊறிப்போயிருக்கிறது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பட்டறையில் சொல்வார்கள். "வண்டியை நிறுத்தினால் வேலை கெட்டுவிடும்" என்று ஆபீசில் சொல்வார்கள். விபத்து நேர்ந்த பிறகோ, "டிரைவர் கவனிக்கவில்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். இந்த மூன்று பேச்சிலும் நமக்கு உடன்பாடில்லை. விளக்கையும் பிரேக்கையும் ஒழுங்காக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. குறையைக் கண்டவுடன் எழுத்தில் கொடுப்பது நமது கடமை. உயிருக்கு உலைவைக்கும் வண்டியிலிருந்து இறங்கிக்கொள்வது நமது உரிமை.

கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. மரம் மாறினாலும் வேலை நேரம் மாறவில்லை. பால் வெட்டுகிறவரும் சரி, குலை வெட்டுகிறவரும் சரி, இருள் பிரியுமுன்பே வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். தோட்டத்து வண்டியும் மண்பாதையோடு நின்றுவிடுவதில்லை. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாகச் சபாக் பெர்ணம் செல்லும் 5-ஆம் எண் சாலையிலும், ரவாங், செரண்டா, ராசா, கெர்லிங் வழியாக வடக்கே செல்லும் 1-ஆம் எண் சாலையிலும் அது ஏறி இறங்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகும் டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லையென்றால், அதைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க அவருக்கு எத்தனை விநாடி கிடைக்கும்? இந்நாட்டில் சாலை விபத்தில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. விடியற்காலையில் நமது சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் யார்? பெரும்பாலும் நம்மவர்தாம்.

"வாயர் கோளாறு பெரிய வேலை, பட்டணத்திலிருந்து ஆள் வரவேண்டும்" என்ற சாக்கு வெகு நாளாகச் சொல்லப்படுகிறது. இது சரியல்ல. ஒரு சோதனை விளக்கும் சிறிது பொறுமையும் இருந்தால் பெரும்பாலான குறைகளை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட வேண்டும். பிறகு டிரெய்லர் பிளக்கைக் கழற்றி, பிக்கப்பின் பின்புறச் சாக்கெட்டில் ஒவ்வொரு முனையையும் சோதிக்க வேண்டும். அங்கே மின்சாரம் ஒழுங்காக வந்தால் பழுது டிரெய்லரில் இருக்கிறது. வரவில்லையென்றால் பிக்கப்பில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும். வாயரின் நிறத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஒரு நாட்டு முறைக்குரிய நிறம் மற்றொரு நாட்டு முறைக்குப் பொருந்தாது.

ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்பையும் அதன் ஹோல்டரையும் பார்க்க வேண்டும். சிக்னல் போட்டால் பின்விளக்கு மின்னுகிறது, பிரேக்கை மிதித்தால் எல்லா விளக்கும் மங்குகிறது என்றால், அநேகமாக அது எர்த் கோளாறு. திரும்பிப் போகும் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் வழியே புகுந்து போகிறது. பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து தனி வாயர் ஒன்றை டிரெய்லர் எர்த்துடன் தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். கொக்கியின் இரும்பையே எர்த்தாக நம்பி ஓட்டுவது தவறு. துருவும் கிரீசும் சேர்ந்த இடத்தில் மின்சாரம் ஒழுங்காக ஓடாது.

பியூஸ் அடிக்கடி போனால், எங்கோ வாயர் சட்டத்தில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடாமல் பியூசுக்குப் பதில் கம்பியோ வெள்ளித் தாளோ சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

இத்தகைய பழுது தோட்டத்தில் சீக்கிரம் வருவதற்குக் காரணமும் உண்டு. பாலில் கலக்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. உப்பு உரங்களும் இரும்பையும் இணைப்புகளையும் தின்கின்றன. பால் தொட்டியும் உர மூட்டையும் ஏறும் டிரெய்லரின் பிளக், ஊர்க்காரின் பிளக்கைப்போல் நீடிக்குமென்று எதிர்பார்ப்பது வீண்.

மின்பிரேக் பூட்டிய டிரெய்லர்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்ததும் அதற்கு மின்சாரம் பாய்கிறது. அது சுழலும் டிரம்மில் ஒட்டி இழுபட்டு, ஷூவை விரிக்கிறது. வழக்கமான அளவுள்ள காந்தம் ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு சக்கரத்திற்கு 6, நான்கு சக்கரத்திற்கு 12 என்று கணக்கு. ஆம்பியர் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டினால் வாயர் மெலிந்திருக்கலாம், இணைப்பு அரித்திருக்கலாம், அல்லது ஒரு காந்தம் அறுந்திருக்கலாம். கன்ட்ரோலரைக் கையால் தள்ளும்போது பிடித்து, காலால் மிதிக்கும்போது பிடிக்கவில்லையானால், பெடல் சுவிச்சிலிருந்து வரும் வாயரை முதலில் சந்தேகிக்க வேண்டும். டிரெய்லர் அறுந்தோடினால் தானே பிரேக் போடுவதற்கென்று சிறு பேட்டரியும் ஒரு முளையும் சில டிரெய்லர்களில் உண்டு. அந்த முளையை இழுத்துப் பார்த்துச் சக்கரம் பிடிக்கிறதா என்று அறிய வேண்டும்; பார்த்ததும் மீண்டும் செருகிவிட வேண்டும், இல்லையேல் பேட்டரி தீர்ந்துவிடும். 1,000 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 டன் எடை. அந்த எடை பின்னாலிருந்து முட்டித் தள்ளும்போது முன்வண்டியின் பிரேக் மட்டும் என்ன செய்யும்?

இவையெல்லாம் தெரிந்தால் நாமே பழுது பார்த்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. அது பட்டறையின் வேலை. ஆனால் குறை எங்கே என்று தெரிந்தவரிடம் எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. இயந்திரங்களை அபாயமின்றிப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 15-ஆம் பிரிவு. அதை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் அதை நீக்கவில்லையானால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது 26A பிரிவு. புகார் செய்தவரைப் பழிவாங்குவதை 27-ஆம் பிரிவு தடுக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டுமென்பது 30-ஆம் பிரிவு. உங்கள் தோட்டத்துக் குழு கடைசியாக எப்போது கூடியது? அதில் டிரெய்லரைப் பற்றி யாராவது பேசினார்களா?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற கட்டளையை நீக்கும்படி கேட்டார்கள். இறங்காமல் போகும் மானத்திற்காக அன்று அவர்கள் போராடினார்கள். அபாயமான வண்டியிலிருந்து இறங்கிவிடும் உரிமையை இன்று சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்த ஏன் தயங்கவேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் டிரெய்லருக்கென ஒரு புத்தகம் இருக்கட்டும். காலையில் வண்டியை எடுக்குமுன் டிரைவரும் உடனிருக்கும் ஒருவரும் விளக்கையும் பிரேக்கையும் பார்த்து அதில் கையெழுத்திடட்டும். குறை எழுதப்பட்டால் கிராணிமார் தேதியும் நேரமும் குறித்து ஆபீசில் சேர்த்து, ஒரு நகலைச் சங்கக் கிளைக்கும் கொடுக்கட்டும். கிராணிமாரும் சம்பளக்காரரே; விபத்து விசாரணையில் அவர்கள் எழுதிய ஒரு வரி, டிரைவர்மீது விழும் பழியைத் தடுக்கக்கூடும். வாய்ச்சொல் காற்றோடு போகும், எழுத்து நிற்கும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வதை அறவே நிறுத்தவேண்டும் என்பதிலும் நாம் உறுதியாக இருக்கிறோம்.

ஒரு பல்பின் விலை சில வெள்ளி. ஒரு குடும்பத் தலைவரின் உயிருக்கு விலை எது? நிர்வாகத்தினர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அவர்கள் போடவில்லையானால், அடுத்த குழுக் கூட்டத்தில் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்து, அவர்களைப் போடவைப்பது நமது வேலை.