மன உறுதி கடைச் சரக்கா?

தாய்லாந்துக் குகையில் சிக்கி மீண்ட சிறுவர் கால்பந்து அணி காட்டும் பாடம்

"கஷ்டம் வந்தால் கலங்காதே! மனதைத் திடப்படுத்திக் கொள்! எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது!" இப்படி உபதேசம் செய்வது இன்று ஒரு பெரிய வியாபாரமாகி விட்டது. குளிர்ந்த மண்டபங்களில் கட்டணம் வாங்கிக் கொண்டு இதைச் சொல்கிறார்கள். பந்து விளையாட வரும் ஏழைப் பையன்களுக்கும் இதே மருந்துதான். தோற்றுப் போன அணியைப் பார்த்து, "உங்களுக்கு நெஞ்சில் உரமில்லை" என்கிறார்கள். காலில் ஜோடு இல்லாததும், வயிற்றில் கஞ்சி இல்லாததும், ஆடுவதற்கு மைதானம் இல்லாததும் இந்த உபதேசிகளின் கண்ணில் படுவதே இல்லை.

இவர்களுக்கு அடிக்கடி கை கொடுக்கும் கதை ஒன்று உண்டு. 2018ம் ஆண்டில் தாய்லாந்தில் குகைக்குள் சிக்கி, பதினேழு, பதினெட்டு நாட்களுக்குப் பின் உயிரோடு மீண்ட சிறுவர் கால்பந்து அணியின் கதைதான் அது. "பார்த்தீர்களா? தியானம் செய்தார்கள், மன உறுதியால் பிழைத்தார்கள்! நீங்களும் அப்படி இருங்கள்!" என்று சொல்லிக் கதையை முடித்து விடுகிறார்கள்.

பாதிக் கதையைச் சொல்லி மீதியை மூடி மறைப்பது முழுப் பொய்யை விட மோசமானது. நாம் முழுக் கதையையும் பார்ப்போம்.

குகைக்குள் நடந்தது என்ன?

தாய்லாந்தின் வட கோடியில், மியான்மர் எல்லையை ஒட்டி, சியாங் ராய் மாகாணத்தில் மே சாய் என்ற ஊர் இருக்கிறது. அந்த எல்லைப்புறத்துப் பையன்கள் கூடி ஆடும் அணிக்குக் "காட்டுப் பன்றிகள்" என்று பெயர். 2018 ஜூன் 23, சனிக்கிழமை. அன்று பயிற்சி முடிந்ததும், 11 முதல் 16 வயது வரையுள்ள 12 பையன்களும், 25 வயதுத் துணைப் பயிற்சியாளர் எக்கபோலும் சைக்கிளில் ஏறித் தாம் லுவாங் குகைக்குப் போனார்கள். சைக்கிள்களை வாசலில் விட்டு விட்டு உள்ளே நடந்தார்கள். சிறிது நேரம் சுற்றிப் பார்த்து விட்டு வீடு திரும்புவதுதான் எண்ணம். ஆனால் மழை கொட்டியது. வெள்ளம் உள்ளே புகுந்து வந்த வழியை அடைத்து விட்டது.

ஒன்பது நாட்கள் வரை அவர்கள் இருக்கிறார்களா, இறந்தார்களா என்பதே வெளியே ஒருவருக்கும் தெரியாது. கையில் ஒரு பிடி உணவில்லை. பாறையில் சொட்டிய தண்ணீர்தான் ஆகாரம். சுற்றிலும் கன்னங்கரிய இருட்டு. ஜூலை 2ந் தேதி ரிக் ஸ்டாண்டன், ஜான் வோலாந்தன் என்ற இரு பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே ஒரு மேட்டின் மேல் அவர்களைக் கண்டார்கள். பதின்மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள்!

எப்படித் தாங்கினார்கள்? தியானம் செய்தார்கள், அது உண்மை. எக்கபோல் சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து புத்த மடத்தில் வளர்ந்தவர். பதறாமல், பலத்தை வீணாக்காமல் இருக்கப் பையன்களைப் பழக்கினார். இதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அதோடு அவர்கள் நின்றார்களா? இல்லை! கற்களை எடுத்துக் குகைச் சுவரைத் தோண்டினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர், முறை வைத்துத் தோண்டினார்கள். யாராவது வரட்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வழி கிடைக்கவில்லை. ஆனாலும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அதைச் சேர்ந்து செய்யப் பதின்மூன்று பேர் இருந்தார்கள். சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் நம்பிக்கை சீக்கிரம் சாவதில்லை. ஆலையில் இரவு ஷிப்டு நிற்பவருக்கும், வரிசையில் நின்று நாற்று நடுபவருக்கும் இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர்களைச் சுமந்தவர்கள் யார்?

உபதேசிகள் மறைக்கும் மீதிக் கதை இனிமேல்தான் வருகிறது.

கண்டு பிடித்ததோடு காரியம் முடியவில்லை. பையன்களில் ஒருவருக்கும் முக்குளிக்கத் தெரியாது. வழியோ கலங்கிய வெள்ளம். ஆள் நுழைய முடியாத இடுக்குகள். முன்னாள் கடற்படை வீரர் சமன் குணான் தொண்டராக வந்தார். காற்று உருளைகளை உள்ளே வைத்து விட்டுத் திரும்பும் போது, ஜூலை 6ந் தேதி, தண்ணீருக்குள்ளேயே உயிர் விட்டார். மீட்பு வேலையில் நோய்த் தொற்றுக்கு ஆளான இன்னொரு கடற்படை வீரர் 2019 டிசம்பரில் இறந்தார். இந்த இரு உயிர்களின் கணக்கை எந்த உபதேசி சொல்கிறார்?

பிறகு பையன்களை எப்படி வெளியே கொண்டு வந்தார்கள், தெரியுமா? பாதி வழியில் பயந்து துள்ளினால் அவர்களும் சாவார்கள், கூட வருகிறவர்களும் சாவார்கள். ஆகவே ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்டு ஹாரிஸ் அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தார். முகத்தில் மூடியை மாட்டி, முக்குளிப்பாளர்கள் ஒவ்வொருவரையும் மூட்டை போலத் தாங்கிக் கொண்டு வந்தார்கள். ஜூலை 8ந் தேதி நான்கு பேர், 9ந் தேதி நான்கு பேர், 10ந் தேதி ஐந்து பேர்.

உபதேசிகளைக் கேட்கிறோம்: மரணத்துக்கு மிக அருகில் இருந்த அந்த மணி நேரங்களில் பையன்களின் மன உறுதி எங்கே இருந்தது? அது தூங்கிக் கொண்டிருந்தது ஐயா! அவர்களைக் கரை சேர்த்தது மற்றவர்களின் கை!

அந்தக் கைகள் எத்தனை! ஏறக்குறைய பத்தாயிரம் பேர் அந்த மலையடிவாரத்தில் வேலை செய்தார்கள். சோறு சமைத்தவர்கள் உண்டு. சேறு படிந்த உடைகளைத் துவைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. தெற்கே லிபோங் தீவிலிருந்து, பாறைகளில் ஏறிப் பறவைக் கூடு எடுத்துப் பிழைப்பவர்கள் வந்து, மலை மேல் வேறு துவாரம் இருக்கிறதா என்று தேடினார்கள். இந்தியாவிலிருந்து பம்பு நிபுணர்கள் போனார்கள். இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கப்பட்டது.

இறைத்த தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருந்த வயல்களுக்குத்தான் போயிற்று. புதிதாக நட்ட நெல் மூழ்கியது. நட்ட பயிர் மூழ்குவது என்றால் என்ன என்று வயலில் இறங்கியவருக்குத் தெரியும்: விதை போயிற்று, கூலி போயிற்று, அந்தப் பருவமே போயிற்று. சர்க்கார் நஷ்ட ஈடு தர முன்வந்த போது, அந்த விவசாயிகளில் சிலர் அதை வாங்கவே மறுத்தார்கள். நெல்லை மறுபடி நடலாம், பிள்ளைகள் வந்தால் போதும் என்பது அவர்கள் பேச்சு.

அதே சமயம் எலான் மஸ்க் என்ற கோடீஸ்வரர் ஒரு குட்டி நீர்மூழ்கியைச் செய்து எடுத்து வந்தார். உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. இந்த வேலைக்கு அது பொருந்தாது என்று மீட்பு வேலைக்குத் தலைமை வகித்தவர் சொல்லி விட்டார். கோடீஸ்வரரின் நீர்மூழ்கி உலர்ந்து கிடந்தது. குடியானவரின் வயல் நனைந்து மூழ்கியது. எது பையன்களுக்கு உதவிற்று என்று வாசகர்களே தீர்ப்புச் சொல்லலாம்.

பழி சொல்லாத பெற்றோர்கள்

எக்கபோல் பிசகு செய்யவில்லையா? செய்தார். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகளைக் குகைக்குள் கூட்டிப் போனது பிசகுதான். அதை அவரே உணர்ந்திருந்தார். குகைக்குள்ளிருந்து பெற்றோர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? "உன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, உன்னையே நீ நொந்து கொள்ளாதே" என்ற கருத்தில் அவர்கள் எழுதிய கடிதம் உள்ளே போயிற்று.

இதை நன்றாகக் கவனியுங்கள். "யாரால் வந்தது?" என்ற பழிச் சொல் அந்தக் குகைக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழி காட்டுகிறவர் குலைந்திருப்பார். அவரைப் பார்த்துப் பையன்களும் குலைந்திருப்பார்கள். எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமலே அந்தத் தாய்மார்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒரு கோல் வாங்கியவுடன் கோலியை ஏசுகிற பெரிய மனிதர்கள் அவர்களிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும்!

நாடில்லாத வீரர்கள்

முக்குளிப்பாளர்கள் தண்ணீரிலிருந்து தலை தூக்கிய போது அவர்களோடு ஆங்கிலத்தில் பேசியவன் அதுல் சாம்-ஒன் என்ற 14 வயதுப் பையன். உலகம் முழுவதும் அவனைப் புகழ்ந்தது. ஆனால் அவன் எந்த நாட்டுப் பிரஜை? எந்த நாட்டுப் பிரஜையும் அல்ல! மியான்மரிலிருந்து வந்த அவனும், இன்னும் இரண்டு பையன்களும், பயிற்சியாளர் எக்கபோலும் பிரஜா உரிமை இல்லாதவர்கள். பிரஜா உரிமை இல்லையென்றால் பாஸ்போர்ட் கிடையாது. அனுமதி இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்ட முடியாது. பல வேலைகளுக்குப் போக முடியாது. எவ்வளவு நன்றாகப் பந்து ஆடினாலும், பக்கத்து மாகாணத்துப் போட்டிக்குப் போவதற்கே கை கட்டி நிற்க வேண்டும்.

"எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது" என்கிறார்களே, இவர்களின் பிரஜா உரிமை யார் கையில் இருந்தது?

2014ல் பட்டாளத்தின் பலத்தால் அதிகாரத்தைப் பிடித்தவர்கள்தான் அன்று தாய்லாந்தை ஆண்டார்கள். உலகத்தின் கண் முழுவதும் அந்தப் பையன்கள் மேல் இருந்தது. 2018 ஆகஸ்டு 8ந் தேதி அந்த நால்வருக்கும் பிரஜா உரிமை வழங்கப்பட்டது. நல்லது, மகிழ்கிறோம். ஆனால் அந்நாட்டில் நாடற்றவர்களாகப் பதிவானவர்கள் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். உரிமை பெற ஒவ்வொருவரும் குகைக்குள் போய்ச் சிக்க வேண்டுமா? ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில்தான், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு நிரந்தர வாச உரிமையும் பிரஜா உரிமையும் கிடைப்பதை விரைவுபடுத்தத் தாய்லாந்து மந்திரி சபை முடிவு செய்தது. அந்த முடிவு காகிதத்தோடு நிற்காமல், ஒவ்வொருவர் கைக்கும் அட்டையாக வந்து சேர வேண்டும்.

பையன்களுக்கு எப்படி உதவுவது?

மன உறுதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அது கடையில் வாங்கும் சரக்கு அல்ல; காதில் ஊதும் மந்திரமும் அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பேட்டையிலும் சேரியிலும் பிள்ளைகளைச் சேர்த்து அணி நடத்துகிற நண்பர்களுக்கு மே சாய் பையன்களின் கதையிலிருந்து சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம். நெருக்கடியில் நீங்கள் முதலில் பதறாமல் இருங்கள். பையன்கள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கடைசிப் பையனும் தோண்டுவதற்கு ஒரு முறை இருக்கட்டும். உங்கள் பேரில் பிசகு இருந்தால் ஒளிக்காமல் ஒப்புக் கொள்ளுங்கள். பையன் பிசகினால் கூட்டத்தில் ஏசாதீர்கள். உன் ஊர் எது, உன் சாதி எது என்ற கேள்விக்கு மைதானத்தில் இடம் கொடுக்காதீர்கள். அணியை மீட்கும் வார்த்தை நாடில்லாத பையனின் வாயிலிருந்தும் வரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அணிக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும். ஆட்டம் பார்க்கப் பெற்றோரை அழைத்து வாருங்கள். ஜோடு இல்லாதவனுக்கு ஜோடு வாங்க நாலு பேர் சேருங்கள். மைதானத்தை வளைத்து வேலி போட வந்தால் ஊரோடு போய்த் தடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையன் நின்று விட்டால் அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

தனக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பையன்தான் இரண்டு கோல் பின்தங்கிய பிறகும் ஓடுகிறான். அப்படி ஒருவரும் இல்லாதவனைப் பார்த்து "தைரியமாக இரு" என்று சொல்வது தைரியம் கொடுப்பதாகாது. அது கை விடுவது!

உபதேசிகள் தங்கள் மண்டபத்திலேயே இருக்கட்டும். நாம் மைதானத்துக்குப் போவோம். பையன்களுக்குக் கை கொடுப்போம்!